விசைப்படகுக்கு எவ்வளவு விசை போதும்?

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தமிழகக் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் கடல் வேலை நின்று பட்டறை வேலை சூடுபிடித்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வெல்டிங் வைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். பழைய இன்ஜினை இறக்கிப் புதியதை ஏற்றுவதும் அப்போதுதான். ஒரு படகு உரிமையாளர் தன் வாழ்நாளில் எடுக்கிற மிகப் பெரிய செலவு முடிவுகளில் அது ஒன்று. வட்டிக்கு வாங்கிய பணம், வீட்டு நகை, வியாபாரியிடம் பெற்ற முன்பணம் என்று எல்லாம் அதற்குள் போகின்றன. ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது: “எத்தனை எச்.பி.?”

பக்கத்துப் படகில் 180 என்றால் இவர் 240 பார்ப்பார். அவர் 240க்குப் போனால் அடுத்தவர் 350ஐ விசாரிப்பார். 1950களில் இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் இயந்திரப் படகுகளை அறிமுகம் செய்தபோது சிறிய டீசல் இன்ஜின்களே போதுமானவையாக இருந்தன. பின்னாளில் தமிழகத்தின் மர லாஞ்சுகளில் நூறு, நூற்றிருபது எச்.பி. லேலண்ட் இன்ஜின்கள் நெடுங்காலம் உழைத்தன. இரும்புப் படகுகள் வந்த பிறகு இறக்குமதி இன்ஜின்களும் வந்தன. 300, 400 எச்.பி. என்பது துறைமுகங்களில் சாதாரணப் பேச்சாயிற்று. ‘சீன இன்ஜின்’ என்ற பெயரில் சென்னை காசிமேட்டில் மீனவர்களுக்குள்ளேயே மோதலும் போராட்டமும் நடந்தன.

அந்தச் சண்டையில் இன்ஜின் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பது பெரிதாகப் பேசப்பட்டது. உண்மையில் பேசப்பட வேண்டியது வேறொன்று. எச்.பி., அதாவது குதிரைத்திறன் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மீனவர் இன்ஜின் வாங்குகிறார். அதே ஒற்றை எண்ணைப் பார்த்து அரசு சட்டம் போடுகிறது. இரண்டும் தவறான இடத்தில் அளவுகோல் வைக்கின்றன. படகு செய்யப்போகும் வேலையை முதலில் அளந்து, அதற்கு ஏற்ற திறனைப் பிறகு தேர வேண்டும். இந்த வரிசை தலைகீழானதற்கு மீனவர், மீன், கடல் ஆகிய மூன்றும் விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

தகட்டில் இருப்பது முழு உண்மையா?

ஒவ்வொரு கடல் இன்ஜினின் பக்கவாட்டிலும் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதில் திறன் எழுதியிருக்கும். அந்தத் திறன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் கிடைக்கும் என்பதும், எந்தப் பணி வகைக்கானது என்பதும் தகட்டிலோ உடன் வரும் கையேட்டிலோ இருக்கும். வாங்குபவர் கண் முதல் விவரத்தோடு நின்றுவிடுகிறது. இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது கடைசி விவரம்.

ஒரு எடுத்துக்காட்டு. கம்மின்ஸ் நிறுவனத்தின் 6.7 லிட்டர் கியூ.எஸ்.பி. கடல் இன்ஜின் 230 எச்.பி. முதல் 550 எச்.பி. வரை பல நிலைகளில் விற்கப்படுகிறது. ஆறு சிலிண்டர், 6.7 லிட்டர் கொள்ளளவு என்பது எல்லாவற்றிலும் அதேதான். எரிபொருள் தெளிப்பு, டர்போ, சுற்று வேகம், குளிரூட்டல் ஆகியவற்றை மாற்றி அமைப்பதால் எண் கூடுகிறது. கூடும் எண்ணோடு நிபந்தனையும் கூடுகிறது. கடும்பணி வகை என்றால் பத்து மணி நேரத்தில் எட்டு மணி நேரம் முழுத் திறனில் ஓட்டலாம். ஆண்டுக்கு 5,000 மணி நேரம் வரை தாங்கும். நடுத்தரத் தொடர்பணி வகை பன்னிரண்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் முழுத் திறன் தரும்; ஆண்டுக்கு 3,000 மணி நேரம். இடைவிட்ட பணி வகைக்கு எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 1,500 மணி நேரம். அதிகத் திறன் வகைக்கு எட்டு மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 500 மணி நேரம். வகைகளின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். எண் ஏற ஏற உழைக்கும் நேரம் குறையும் என்ற படிநிலை எங்கும் ஒன்றே.

இப்போது நம் இழுவைப் படகின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான விதிகளின்படி விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். அதாவது 16 மணி நேரம். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப் படகுகள் நான்கு நாள் என்ற முறை நெடுநாளாக இருக்கிறது. தடைக்காலம் போக மீதமுள்ள 43 வாரங்களில் வாரத்துக்கு மூன்று நாள் போனாலும் 129 கடல் நாள்கள். ஆண்டுக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் பெரும்பகுதி மடி (இழுவலை) இழுக்கும் நேரம், அதாவது இன்ஜினுக்கு மூச்சு வாங்கும் நேரம். தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கப் போகும் படகுகளின் கணக்கு இதைவிடப் பெரியது.

இப்படிப்பட்ட வேலைக்கு அதிகத் திறன் வகை இன்ஜினைப் பொருத்தினால் என்ன ஆகும்? ஒருமுறை நூறு கிலோ மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுபவரையும், நாள் முழுக்க ஐம்பது கிலோ மூட்டை சுமப்பவரையும் ஒரே கூலிக்கு அமர்த்துவது போன்றது அது. முதல் பருவத்தில் படகு பறக்கும். அடுத்தடுத்த பருவங்களில் டர்போ போகும், ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் உருகிப் பிடிக்கும். ‘இன்ஜின் தரம் சரியில்லை’ என்று பேச்சு வரும். தரம் சரியாகவே இருந்திருக்கலாம். அந்த வேலைக்கென்று அது செய்யப்பட்டிருக்காது. 400 எச்.பி. என்று விற்கப்படும் ஓர் இன்ஜினைவிட, கடும்பணி வகையில் 230 எச்.பி. என்று எழுதப்பட்ட இன்ஜின் மடி இழுக்கும் படகுக்கு அதிகம் உழைக்கும். இதை விற்பனைக் கூடத்தில் யாரும் தாமாக முன்வந்து சொல்வதில்லை.

தகட்டின் எண்ணைப் பற்றி இன்னும் இரண்டு விவரங்கள். பிரிட்டிஷ் எச்.பி. என்றால் 0.746 கிலோவாட், மெட்ரிக் எச்.பி. என்றால் 0.7355 கிலோவாட். 240 எச்.பி. என்பது முதல் கணக்கில் 179 கிலோவாட், இரண்டாவது கணக்கில் 176.5. அடுத்து, சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 3046 இன்ஜின் திறனை 25 டிகிரி செல்சியஸ் காற்று வெப்பத்துக்குக் கணக்கிடுகிறது. நம் படகுகளின் இன்ஜின் அறை அந்தக் குளுமையைக் கண்டதே இல்லை. காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும். கிடைக்கும் திறனும் குறையும். இன்ஜின் அறைக்குள் வெளிக்காற்று வர ஒழுங்கான குழாய் வைப்பது, பெரிய இன்ஜின் வாங்குவதைவிட மலிவான வழி.

வேகத்தின் விலை

“பெரிய இன்ஜின் வைத்தால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பலாம்” என்பதே உரிமையாளர்கள் சொல்லும் முதல் காரணம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதுதான் கணக்கில் வருவதில்லை.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பை வகுக்கிறது. படகு ஓடும்போது முன்புறத்தில் ஓர் அலையும் பின்புறத்தில் ஓர் அலையும் எழும். வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளம் கூடும். அலை நீளம் படகின் நீர்மட்ட நீளத்தை எட்டியதும் படகு தான் எழுப்பிய அலைமேட்டையே ஏற முயன்றுகொண்டிருக்கும். அதன் பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் வேகம் சிறிதளவே கூடும். நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் இந்த வரம்பு மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். 18 மீட்டருக்கு ஏறக்குறைய 10.3. 350 எச்.பி. வைத்தாலும் 500 எச்.பி. வைத்தாலும் இந்த வாய்பாடு மாறாது.

வரம்புக்குக் கீழேயே கூட வேகம் மலிவாகக் கிடைப்பதில்லை. தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 8 கடல் மைல் ஓட 100 எச்.பி. தேவைப்படும் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே படகு 10 கடல் மைல் ஓட 195 எச்.பி. வேண்டும். மீன் கிடைக்கும் இடம் 30 கடல் மைல் தொலைவில் என்றால், 8இல் போனால் 3 மணி 45 நிமிடம். 10இல் போனால் 3 மணி நேரம். டீசல் இன்ஜின் ஒரு எச்.பி.யை ஒரு மணி நேரம் தர ஏறக்குறைய 0.19 லிட்டர் குடிக்கும். ஆகவே முதல் படகுக்குப் போக 71 லிட்டர், இரண்டாவதற்கு 111 லிட்டர். போக வர 80 லிட்டர் கூடுதல். மிச்சமானது ஒன்றரை மணி நேரம். வரம்பு வேகத்தை நெருங்க நெருங்க உண்மைச் செலவு இந்த மும்மடிக் கணக்கையும் தாண்டிவிடும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் 80 லிட்டர் டீசலுக்கு மேல் மீன் கிடைக்குமா என்பதே ஒவ்வொரு படகும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சில நாள்களில் கிடைக்கும். எல்லா நாளும் கிடைக்கும் என்று நம்பி இன்ஜின் வாங்குவது ஆபத்து.

தமிழக அரசு விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் டீசலை விற்பனை வரி விலக்குடன் தருகிறது. 2023 வரை அது 18,000 லிட்டராக இருந்தது. 120 எச்.பி. இன்ஜின் முக்கால் சுமையில் ஓடினால் மணிக்கு 17 லிட்டர். 16 மணி நேரக் கடல் நாளுக்கு ஏறக்குறைய 274 லிட்டர். அரசின் சலுகை டீசல் 69 கடல் நாளுக்கு வரும். 240 எச்.பி.க்கு அது 35 நாளாகச் சுருங்கும். 450 எச்.பி.க்கு 18 நாள்தான். சலுகையை இன்னும் ஆயிரம் லிட்டர் கூட்டித் தரச் சொல்லி நாம் கோரிக்கை வைக்கிறோம். இன்ஜின் தேர்வில் ஒரு படி இறங்கினாலே அதைப் போலப் பல மடங்கு மிச்சமாகும்.

ஓட்டம் வேறு, இழுவை வேறு

மடி இழுக்கும்போது படகு மணிக்கு இரண்டரை, மூன்று கடல் மைல் வேகத்தில்தான் நகரும். அங்கே வேகத்துக்கு வேலை இல்லை, இழுவிசைக்குத்தான் வேலை. இழுவிசையைக் கடலுக்குள் தருவது இன்ஜின் அல்ல, புரொப்பல்லர். நம் துறைமுகங்களில் இன்ஜினுக்கு லட்சங்களில் செலவழிப்பவர் கியர்பாக்ஸ் விகிதத்தையும் புரொப்பல்லர் விட்டத்தையும் “ஏற்கெனவே இருப்பது போதும்” என்று விட்டுவிடுகிறார்.

பெரிய விட்டமுள்ள புரொப்பல்லர் மெதுவாகச் சுழன்று அதிக நீரைத் தள்ளும்போது இழுவை கூடும். சிறியது வேகமாகச் சுழன்றால் நீரைக் கலக்குவதிலேயே திறன் கழிந்துவிடும். நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும் இன்ஜினோடு 2:1 கியர்பாக்ஸை மாட்டினால் புரொப்பல்லர் 900 சுற்று சுற்றும். 5:1 மாட்டினால் 360. இரண்டாவதற்குப் பெரிய புரொப்பல்லர் வைக்க முடியும். படகின் பின்புறத்தில் அதற்கு இடம் விட்டுக் கட்டியிருக்க வேண்டும். பழைய படகில் இன்ஜினை மட்டும் பெரிதாக்கி, புரொப்பல்லருக்கு இடம் கூடாமல் போனால், வாங்கிய எச்.பி.யில் ஒரு பகுதி பின்னால் நுரையாகவே போய்விடும். புரொப்பல்லரைச் சுற்றிப் பொருத்தும் கார்ட் வளையம் இழுவை நேரத்தில் இழுவிசையைக் கால் பங்கு வரை கூட்டித் தரும். 200 எச்.பி. இன்ஜின் வளையத்தோடு, 250 எச்.பி. இன்ஜின் வளையமின்றிச் செய்யும் வேலையைச் செய்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஒய்விந்த் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986இல் ஒரு கையேடு எழுதினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் அதை வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள், புரொப்பல்லரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழற்றுங்கள் என்பதே அதன் சாரம். நம் வாசலிலேயே அச்சான அறிவு அது. கிட்டத்தட்ட 40 ஆண்டுகளாகியும் படகுத்துறைப் பேச்சில் அது இடம்பெறவில்லை.

இன்ஜினும் புரொப்பல்லரும் பொருந்தியிருக்கின்றனவா என்று கண்டறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஐஸ், டீசல், வலை, ஆள் என்று முழுச் சுமையோடு படகைக் கடலுக்குக் கொண்டுபோய், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். தகட்டில் 1,800 சுற்று என்றால் முள் 1,800ஐத் தொட வேண்டும். 1,600லேயே நின்று, புகைபோக்கி கரும்புகை கக்கினால் புரொப்பல்லர் இன்ஜினுக்கு மீறிய சுமை. முள் எளிதாக 1,800க்குப் போய், சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்துப் பிடிப்பது தெரிந்தால் புரொப்பல்லர் போதாது. பிறகு மடியை இறக்கி இழுத்துக்கொண்டே இதையே மறுபடி பார்க்க வேண்டும். நம் படகுக்கு உண்மையான தேர்வு அதுதான். அரை நாள் வேலை. கரும்புகையைக் கண்டதும் ‘இன்ஜின் போதவில்லை’ என்று முடிவு கட்டி அடுத்த பெரிய இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் உரிமையாளர்களில் பலருக்கு, புரொப்பல்லரின் வளைவைச் சற்றுக் குறைத்துத் தருவதே தீர்வாக இருந்திருக்கும்.

“பெரியதை வாங்கி மெதுவாக ஓட்டினால் போயிற்று” என்றும் சிலர் சொல்வார்கள். டீசல் இன்ஜினுக்கு அதுவும் நல்லதல்ல. திறனில் 30 விழுக்காட்டுக்கும் கீழே மணிக்கணக்கில் ஓடும் இன்ஜினின் சிலிண்டர் போதிய சூடு ஏறாமல், டீசல் முழுதாக எரியாமல் கரி படியும்; லைனர் வழவழத்து ஆயில் குடிக்கத் தொடங்கும். கூடுதல் எடை, கூடுதல் விலை, அதற்கேற்ற பெரிய கியர்பாக்ஸ், தடித்த தண்டு என்று செலவு வேறு வளரும்.

அப்படியானால் எவ்வளவு வைக்கலாம்? வழக்கமாக ஓடும் வேகத்துக்கும் இழுக்கும் மடிக்கும் தேவையான திறனைக் கணக்கிட்டு, எதிர்க்காற்றுக்கும் அலைக்கும் என்று 15 முதல் 20 விழுக்காடு சேர்த்துக்கொண்டால் போதும். அந்தத் திறனைக் கடும்பணி வகையில் தரும் இன்ஜினைத் தேட வேண்டும். மடி இழுக்காத படகுக்கு இன்னும் குறைவாகப் போதும். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டிலும் செவுள்வலையும் போடும் குமரி மாவட்டத் தூத்தூர் பகுதி மீனவர்களுக்கு வேண்டியது நம்பகமான, சிக்கனமான இன்ஜின். பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017இல் அறிவிக்கப்பட்ட சூரை தூண்டில் படகுத் திட்டத்துக்கும் இதே பாடம் பொருந்தும்: இழுவைப் படகின் இன்ஜினை அப்படியே அதில் ஏற்றக் கூடாது.

புயலின் பெயரால்

அதிகத் திறன் வேண்டும் என்பவர்களின் வாதங்களில் ஒன்றை மட்டும் எளிதில் ஒதுக்க முடியாது. “வானம் கறுத்தால் கரை சேர வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கரையின் எத்தனையோ வீடுகளை ஆண்துணை இல்லாமல் ஆக்கியது. அந்த வேதனையிலிருந்து வரும் கேள்வி இது. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

எதிர்க்காற்றில் படகைத் திசை மாறாமல் பிடிக்கக் கையிருப்புத் திறன் அவசியம். மேலே சொன்ன 15 முதல் 20 விழுக்காடு அதற்குத்தான். இரு மடங்குத் திறன் தருவது மணிக்கு ஒன்றிரண்டு கடல் மைல் கூடுதல் வேகம் மட்டுமே. அதைக்கொண்டு புயலை முந்த முடியாது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு ஒக்கியில் கிடைக்காமல் போனது உரிய நேரத்து எச்சரிக்கை. தகவல் தொடர்புக் கருவி, உயிர்காப்பு மிதவை, நம்பி ஓட்டக்கூடிய இன்ஜின் ஆகியவைதான் உயிரைக் காக்கும். தாங்காத வகை இன்ஜினை உச்சத் திறனில் ஓட்டிப் பழகிய படகு, புயல் நாளில்தான் நின்றுபோகும். புதிய இன்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிக்கு ஒதுக்குபவரே பாதுகாப்பை வாங்குகிறார்.

போட்டி எங்கிருந்து வந்தது?

இத்தனை கணக்கும் தெரியாதவர்களா மீனவர்கள்? கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் நூறில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது. அவர்களை இந்தப் போட்டிக்குள் தள்ளும் அமைப்புதான் பிரச்சினை. ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நாளில் திரும்ப வேண்டிய இடங்களில், முதலில் மீன் கிடைக்கும் இடத்துக்குப் போனவருக்கு முதல் பாடு; முதலில் ஏலக்கூடத்துக்கு வந்தவருக்கு நல்ல விலை. ஒருவர் இன்ஜினைக் கூட்டினால் அவருக்கு அன்று லாபம். எல்லோரும் கூட்டியதும் வரிசை பழையபடியே ஆகிவிடும். டீசல் செலவு மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கும். மீன் வளமோ அதே அளவு, அல்லது அதைவிடக் குறைவு.

கூடுதல் திறனுக்குத் தீனி போடப் பெரிய மடி வேண்டும். பெரிய மடி குஞ்சு மீனையும் வாரும். கடலடித் தரையையும் உழும். இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும், தடை செய்யப்பட்ட இரட்டைமடியின் பக்கம் ஆசையும் போகும். கரையோரம் வலை விரித்திருக்கும் வள்ளத்துக்காரரும் கண்ணாடியிழைப் படகுக்காரரும் தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும் விசைப்படகைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். அவர்களுக்கும் விசைப்படகினருக்கும் இடையிலான மோதலைத் தவிர்க்கத்தான் 1983இல் அந்த ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. இன்ஜின் திறன் கூடக்கூட அந்தச் சட்டம் வகுத்த கரையோர எல்லைக்கோடு கடலில் மங்கிக்கொண்டே போகிறது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2020இல் திருத்தப்பட்ட விதிகள் விசைப்படகின் நீளத்துக்கு 24 மீட்டர், இன்ஜின் திறனுக்கு 240 எச்.பி. என்று உச்ச வரம்பு வைத்தன. நோக்கம் சரியானது. ஆனால் தகட்டின் எண்ணை மட்டும் சோதிப்பது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. வட கடலின் கரையோரப் பகுதிகளில் பீம் இழுவைப் படகுகளுக்கு 221 கிலோவாட், அதாவது 300 எச்.பி., 24 மீட்டர் என்ற வரம்பு அங்கே நெடுநாளாக உண்டு. 2019இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வில், நேரில் சோதிக்கப்பட்ட படகுகளில் ஏறத்தாழ பாதியில் சான்றிதழைவிட அதிகத் திறன் இருப்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள இன்ஜினில் ஓர் அமைப்பை மாற்றினாலே திறன் ஏறிவிடும். தகடு அப்படியே இருக்கும். அதனால்தான் 2023இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய விதிகள், பெரிய இழுவைப் படகுகளில் விதிமீறும் அபாயம் அதிகமுள்ளவற்றுக்கு, இன்ஜின் திறனைத் தொடர்ந்து அளக்கும் கருவியைக் கோருகின்றன.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, படகுப் பதிவில் எச்.பி. என்ற ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாகக் கிலோவாட் திறன், சுற்று வேகம், பணி வகை, கியர் விகிதம், புரொப்பல்லர் விட்டம் ஆகிய ஐந்தும் பதிவாக வேண்டும். இவற்றில் ஒன்றை மறைத்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் விற்பவர் பணி வகையைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ‘ஆண்டுக்கு 500 மணி நேரம்’ என்று தமிழில் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கும் எந்த உரிமையாளரும் அதை இழுவைப் படகுக்கு வாங்க மாட்டார்.

இரண்டாவதாக, தடைக்காலம் முடியும் முன் ஒவ்வொரு பெரிய துறைமுகத்திலும் கடல் ஓட்டச் சோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. படகு இன்ஜின் இயக்குநர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய நிறுவனத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. சிக்கனப் படகு வடிவமைப்பில் பல பத்தாண்டு அனுபவம் கொண்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கொச்சியில் இருக்கிறது. மாணவர்களும் டிரைவர்களும் ஒரே படகில் ஏறி, சுற்றுமானியையும் டீசல் அளவியையும் பார்த்துக்கொண்டு அரை நாள் ஓடினால் இரு தரப்பும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவதாக, டீசல் சலுகையின் ஒரு சிறு பங்கைக் கியர்பாக்ஸ் மாற்றம், பெரிய புரொப்பல்லர், கார்ட் வளையம், டீசல் அளவி ஆகியவற்றுக்கான மானியமாகத் தரலாம். இன்றைய முறையில் டீசலை எரிப்பதற்குத்தான் உதவி கிடைக்கிறது. மிச்சம் பிடிப்பவருக்கு ஒன்றுமில்லை.

நான்காவது, அரசால் மட்டும் முடியாதது. வேகப் போட்டியைச் சங்கங்கள்தான் நிறுத்த முடியும். பாக் நீரிணையின் மூன்று நாள், நான்கு நாள் முறை மீனவர்களின் சம்மதம் இல்லாமல் நிலைத்திருக்காது. அதே பாணியில், துறைமுகத்தின் எல்லாப் படகுகளும் போகும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பைச் சங்கமே வகுக்கலாம். எல்லோரும் 8 கடல் மைலில் போனால் யாரும் யாரையும் முந்தப்போவதில்லை. முன்பு பார்த்த கணக்குப்படி ஒவ்வொரு படகுக்கும் 80 லிட்டர் மிச்சமாகும்.

கடைசியாக, இந்தச் செலவை யார் தருகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் விசைப்படகுகளில் பங்கு முறைதான் வழக்கம். மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கிடுகிறார்கள். இன்ஜினைத் தேர்வது உரிமையாளர். அந்த இன்ஜின் குடிக்கும் டீசலுக்கோ டிரைவரும், மடி இழுப்பவரும், ஐஸ் அறைக்குள் இறங்குபவரும் தங்கள் பங்கிலிருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 80 லிட்டர் வீணானால் அது அவர்கள் வீட்டு அரிசியிலிருந்தும் போகிறது. எனவே இன்ஜின் தேர்வு இனி உரிமையாளரும் விற்பனையாளரும் மட்டும் பேசி முடிக்கும் காரியமாக இருக்கலாகாது. அந்தப் பேச்சில் தொழிலாளர் சங்கத்துக்கும் இடம் வேண்டும். எத்தனை எச்.பி. என்று கேட்பதற்கு முன், எத்தனை லிட்டர் என்று கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.